பதினோரு விநாடி 'மாட்டேன்'

அண்ணன் ஷூ காலோடு ஈரத் தரையில் நடந்து வந்தான். பார்த்ததுமே எனக்குச் சுள்ளென்று ஏறியது.

"ஷூவைக் கழட்டிட்டு வா."

"ஒரு நிமிஷம்தான் பேசணும்."

"அரை நிமிஷம்னாலும் கழட்டு. வழுக்கி விழுந்தா உன்னை நான்தான் தூக்கணும்."

கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டான். ஐம்பத்து மூன்று வயது ஆள், காலுறை நனையாமல் நுனிக்காலில் வந்து பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தான். நான் வகுப்பை விடவில்லை. நான் நீச்சல் சொல்லித் தருவது நாற்பதைத் தாண்டியும் தண்ணீரைக் கண்டால் உதறுகிறவர்களுக்கு. அன்று ஏழு பேர். அதில் ஒருவர் வங்கி மேலாளர், மூன்று வாரமாகச் சுவர்க் கம்பியைப் பிடித்த பிடி விடவில்லை. என் கழுத்தில் விசில் தொங்கும், ஆனால் ஊத மாட்டேன். மூடிய கூரைக்குக் கீழே விசில் காதைத்தான் குடையும், யாரைச் சொல்கிறேன் என்று யாருக்கும் தெரியாது. அதற்குக் குரல் வேண்டும். "மேனேஜர் சார், கைய விடுங்க" என்று நான் கத்தினால், எதிர்க்கோடியில் துண்டு மடிக்கிறவர்கூட மடிப்பதை விட்டுவிட்டுத் திரும்பிப் பார்ப்பார்.

வகுப்பு முடிந்ததும் அண்ணன் விஷயத்துக்கு வந்தான். முகம் பளபளவென்று இருந்தது.

"ரேடியோவுல நேயர்கள்கிட்ட ஓட்டு எடுத்திருக்காங்க. அந்தக் காலத்து ராக் பாட்டுல பிடிச்ச குரல் எதுன்னு. கிட்டார் இரைச்சலும் கிழிஞ்ச சட்டையுமா இருந்தோமே, அந்தப் பத்து வருஷம். அதுல சிறந்த பத்து. நம்ம பாட்டு நாலாவது."

"எந்தப் பாட்டு?" என்று கேட்டேன். தெரிந்தேதான் கேட்டேன்.

"'துருப்பிடித்த ஞாயிறு'தான். வேற எது? அந்தக் கடைசி 'மாட்டேன்' இருக்குல்ல, அதுக்குத்தான் அத்தனை ஓட்டும்."

கடைசி 'மாட்டேன்'. பதினோரு விநாடி நீளும் ஒரே சொல். ஏழாவது விநாடியில் குரல் இரண்டாகப் பிளந்து மேலே போகும். எங்கள் குழு போட்டதே ஒரே ஓர் ஒலிநாடா, அதில் எட்டுப் பாட்டு, அந்த எட்டில் ஊர் நினைவு வைத்திருப்பது இந்தப் பதினோரு விநாடியை மட்டும்தான். அண்ணன் இப்போது பழைய கார் விற்கிறான். அவன் கடைச் சுவரில் அந்த ஒலிநாடாவின் அட்டை கண்ணாடிச் சட்டத்தில் தொங்குகிறது. 'குரல், கிட்டார்' என்று போட்டு அவன் பெயர். வருகிறவர்கள் அதைப் பார்த்துவிட்டு, "நீங்கதானா அந்த மாட்டேன்?" என்று கேட்பார்கள். அவன் தலையைக் குனிந்து சிரிப்பான். அந்தச் சிரிப்பிலேயே பாதி கார் விற்றுவிடும்.

அந்தப் பதினோரு விநாடி என்னுடையது.

இதை நான்கு பேர் அறிவோம். அண்ணன், நான், டிரம்ஸ் வாசித்த என் வீட்டுக்காரர் (அப்போது வெறும் டிரம்ஸ்காரர்), பேஸ் கிட்டார் வாசித்துவிட்டு இப்போது கப்பலில் வேலை பார்க்கும் ஒருவர். ஒலிப்பதிவு செய்தவர் ஐந்தாவது, அவர் போய்ச் சேர்ந்துவிட்டார்.

நடந்தது இதுதான். ஒலிப்பதிவுக் கூடம் ஒரு டயர் கடைக்கு மேல் மாடியில் இருந்தது. முதலில் டிரம்ஸைப் பதிவு செய்வார்கள். பாட்டு எந்த இடத்தில் போகிறது என்று டிரம்ஸ்காரருக்குத் தெரிய, யாராவது ஒருவர் பக்கத்தில் சும்மா பாடிக்காட்ட வேண்டும். அதற்கு டிராக் பாடுவது என்று பெயர். பிறகு நிஜப் பாடகன் வந்து பாடியதும் டிராக்கை அழித்துவிடுவார்கள். அன்று அண்ணனுக்குத் தொண்டை கட்டிவிட்டது. "உன் தங்கச்சிக்குத்தான் எல்லா வரியும் தெரியுமே, அவ பாடட்டும்" என்றார்கள். எனக்கு இருபத்தொரு வயது. போய் நின்றேன்.

டிரம்ஸ்காரரின் ஹெட்போனில் ஒரு பக்கம் வேலை செய்யவில்லை. அதனால் என்னைத் தனி அறையில் விடாமல், டிரம்ஸுக்கு நேர் எதிரே, மூன்றடி தள்ளி நிற்க வைத்தார்கள். மொணமொணவென்று பாடினால் போதும் என்றார்கள். பாடினேன். கடைசி 'மாட்டேன்' வருவதற்கு முன்னால் இந்த மனிதர், பின்னாளில் எனக்குத் தாலி கட்டப்போகிறவர், குச்சியை உயர்த்தி நிறுத்திவிட்டு, "அந்த இடத்தை விட்டுடு, அதெல்லாம் உனக்கு வராது. நான் எண்ணிக்கிறேன்" என்றார்.

வராதா? மறுபடி முதலிலிருந்து வாசித்தார்கள். அந்த இடம் வந்தது. நான் விடவில்லை.

அப்புறம் அண்ணன் தொண்டை சரியாகி வந்து மூன்று நாள் பாடினான். நன்றாகவே பாடினான், அந்த ஓர் இடத்தைத் தவிர. அவன் எத்தனை முறை பாடினாலும் பின்னாலிருந்து என் குரல் எட்டிப் பார்த்தது. என் முன்னால் இருந்த மைக்கின் பதிவை அழித்துவிட்டார்கள்தான். ஆனால் டிரம்ஸுக்கு மேலே தொங்கிய இரண்டு மைக்குகள் தாளத்தோடு சேர்த்து என்னையும் விழுங்கியிருந்தன. ஒலிப்பதிவாளர் கையை விரித்தார். "இவளை எடுக்கணும்னா டிரம்ஸை எடுக்கணும். டிரம்ஸை எடுத்தா பாட்டே இல்ல." பிறகு என்ன தோன்றியதோ, அந்தப் பதினோரு விநாடிக்கு அண்ணன் குரலைச் சுத்தமாகக் குறைத்துவிட்டு டிரம்ஸ் மைக்கின் ஒலியைத் தூக்கினார். அண்ணன் எழுந்து வெளியே போனான். அரை மணி நேரம் கழித்து வந்து, "இது இப்படியே இருக்கட்டும். ஆனா வெளிய சொல்ல வேணாம். ஆணும் பொண்ணும் பாடினா ஜோடிப் பாட்டுன்னு நினைச்சுக்குவாங்க. ராக் குழுன்னு யாரு மதிப்பா?" என்றான்.

நானும் சிரித்தேன். அதுதான் என் முட்டாள்தனம். ஊரையே ஏமாற்றுகிறோம் என்று எனக்கு அது வேடிக்கையாகப்பட்டது. என் குரலும் கரகரவென்று கிழிந்து கிடந்ததால் ஒருவருக்கும் சந்தேகம் வரவில்லை. மேடையில் அந்த இடம் வரும்போது அண்ணன் மைக்கைக் கூட்டத்தின் பக்கம் திருப்பிவிடுவான், கூட்டமே கத்தித் தீர்க்கும். அதைப் பணிவு என்று பத்திரிகைக்காரர்கள் எழுதினார்கள்.

இருபத்தெட்டு வருடம் போய்விட்டது. எனக்குப் பொறாமை இல்லை என்று சொன்னால் பச்சைப் பொய். எத்தனையோ முறை வயிறு எரிந்திருக்கிறது.

"சரி, அதுக்கு என்கிட்ட எதுக்கு வந்தே?" என்று கேட்டேன்.

அண்ணன் ஷூவை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றினான். "ஞாயித்துக்கிழமை காலையில நேரடி நிகழ்ச்சி. பாட்டுல குரலை மட்டும் தனியாப் போட்டுக் காட்டுவாங்களாம். அதுல பிரச்சனையில்ல. அப்புறம் அந்த 'மாட்டேன்' மட்டும் ஒரு தடவை பாடணும்ங்குறாங்க. நீ பின்னணிக் குரலுக்கு வர்றேன்னு சொல்லி உனக்கும் ஒரு மைக் கேட்டிருக்கேன். நான் வாயைத் திறக்குறேன், நீ பாடிடு. ரேடியோதானே, யாருக்குத் தெரியப்போகுது?"

எனக்குச் சிரிப்பு வந்தது, அழுகையும் வந்தது. இத்தனை வருடம் கழித்து வந்து, மறுபடி ஒளிந்துகொண்டு பாடு என்கிறான். அதுவும் கூச்சமே இல்லாமல்.

"வரேன்" என்றேன்.

அவன் முகம் மலர்ந்துவிட்டது. என் தலையில் மிளகாய் அரைத்துப் பழகிய கை அது, இந்த முறையும் அரைத்துவிட்டதாகவே நினைத்துக்கொண்டு போனான்.

வீட்டில் சொன்னேன். என் வீட்டுக்காரர் ஃபிரிட்ஜ் மெக்கானிக். டிரம்ஸ் வாசித்து வாசித்து வலது காது பாதி போய்விட்டது, அதனால் நான் எப்போதும் இடப்பக்கம் உட்கார்ந்துதான் சண்டை போடுவேன். நேயர்கள் பட்டியலை ஃபோனில் தேடிப் பார்த்தோம். முதல் மூன்றும் வெளிநாட்டுக்காரர்கள். எனக்கு அதில் வழக்கில்லை. ஒருவர் முதல் சரணம் முழுக்கத் தூக்கத்தில் உளறுகிற மாதிரி பாடிவிட்டு, இரண்டாவதில் தொண்டையைக் கிழித்துக்கொண்டு எழுந்திருப்பார். ஒருத்தி கத்திக்கொண்டிருக்கும்போதே நடுவில் சிரித்துவிடுவாள், அந்தச் சிரிப்பை யாரும் வெட்டவில்லை. இன்னொருவர் பாடினால் ஒரு வார்த்தையும் விளங்காது, ஆனால் யார்மேலோ கோபமாக இருக்கிறார் என்பது மட்டும் நன்றாக விளங்கும். அந்தப் பாட்டுகளில் எனக்குப் பிடித்ததே இதுதான். யாரும் அழகாகப் பாட மெனக்கெடவில்லை. பிசிறு தட்டினால் தட்டட்டும் என்று விட்டுவிட்டார்கள். அந்த வரிசையில் நான்காவதாக என் பிசிறு இருந்தது, எதிரே அண்ணன் பெயர் இருந்தது.

வீட்டுக்காரர் திடீரென்று நிமிர்ந்தார். "குரலை மட்டும் தனியாப் போடுவாங்கன்னா சொன்னான்?"

"ஆமா."

"அவங்ககிட்ட ஒவ்வொரு மைக்கும் பதிவான சேனலெல்லாம் தனித்தனியா இருக்கா?"

"ஒலிப்பதிவாளரோட பொண்ணு பழைய நாடாவையெல்லாம் எடுத்துக் கொடுத்திருக்காளாம்."

"அப்ப குரல் சேனல்ல இருக்குறது மச்சான் குரல்தானே? அந்த இடத்துல அவன் பாடினது அப்படியேதான் கிடக்கும். உன்னுது இருக்குறது என் டிரம்ஸ் மைக்ல." அவருக்கு வேர்த்துவிட்டது. "அவனுக்கு இது ஞாபகமே இல்லையா?"

இல்லை. ஓர் ஆள் ஒரு பொய்யைப் பத்தாயிரம் முறை சொன்னால் அது எந்த மைக்கில் இருந்து கிளம்பியது என்பதுகூட மறந்துபோகும். அவன் இப்போது அந்தக் குரல் தன் சேனலில்தான் இருக்கிறது என்றே நம்புகிறான்.

"சொல்லிடு பாவம். லைவ்ல மானம் போயிடும்."

"என் மானம் இருபத்தெட்டு வருஷமாப் போயிட்டிருக்கு. அதுக்கு யாரு பாவம் பார்த்தா? அன்னிக்கு அறையில நீயும்தானே இருந்தே? ஒரு வார்த்தை சொன்னியாடா?"

கல்யாணத்துக்கு முன்னால் 'டா', பின்னால் 'ங்க'. கோபம் தலைக்கேறினால் மறுபடி 'டா'. அவர் காது கேட்காத பக்கத்தை எனக்குக் காட்டித் திரும்பி உட்கார்ந்துகொண்டார்.

ஆனாலும் மனசு கேட்கவில்லை. சனிக்கிழமை மத்தியானம் அண்ணனைக் கூப்பிட்டேன். "நாளைக்கு நீயே உண்மையைச் சொல்லிடேன். உனக்கும் கௌரவமா இருக்கும்."

"என்ன உண்மை? அதெல்லாம் எப்பவோ நடந்தது. யாருக்கு ஞாபகம் இருக்கு?"

"எனக்கு இருக்கு."

"பேரும் புகழும் உனக்கு எதுக்கும்மா? நீ உன் குளம், உன் வேலைன்னு நிம்மதியாத்தானே இருக்கே."

போனை வைத்துவிட்டேன். சேனல் விஷயத்தை அவனுக்குச் சொல்லலாம் என்றுதான் எடுத்தேன். இதைக் கேட்ட பிறகு சொல்லத் தோன்றவில்லை.

ஞாயிறு காலை பத்து மணி. வானொலி நிலையத்தின் ஆறாவது மாடி. சின்ன அறை, சுவரெல்லாம் கறுப்புப் பஞ்சு. நிகழ்ச்சி நடத்தும் பெண்ணுக்கு முப்பது வயதுக்குள்தான் இருக்கும், நாங்கள் பதிவு செய்தபோது பிறந்திருப்பாளோ என்னவோ. ஆனால் ஒவ்வொரு பாட்டையும் கரைத்துக் குடித்திருந்தாள். அண்ணனை அவளுக்கு எதிரே உட்கார வைத்தார்கள். எனக்கு ஓரத்தில் ஒரு மைக். "பின்பாட்டு பாட இவர் தங்கை வந்திருக்கிறார்" என்று அறிவித்தாள். நான் பல்லைக் கடித்துக்கொண்டேன்.

முதலில் நேயர் கடிதங்கள். ஒரு நர்ஸ் எழுதியிருந்தார். வாரத்தில் ஆறு நாள் இரட்டைப் பணி பார்த்தவர், ஒரு நாள் காலை காரில் இந்தப் பாட்டைக் கேட்டுவிட்டு, நேராக மேலதிகாரி அறைக்குப் போய் இனி முடியாது என்று சொன்னாராம். 'ஐயா, அந்த மாட்டேன் உங்களுடையது மட்டுமல்ல, என்னுடையதும்' என்று முடித்திருந்தார். அண்ணன் கண்ணைத் துடைத்துக்கொண்டு நன்றி சொன்னான்.

அந்தக் கடிதம் எனக்கு வந்த கடிதம். என் கண் முன்னாலேயே அவன் பிரித்துப் படித்து நன்றியும் சொல்லிவிட்டான். அதுவரை எனக்கு இருந்தது எரிச்சல். அந்த நிமிடத்தில் அது கோபமாகத் திரண்டது.

"இப்போ குரலை மட்டும் தனியாகக் கேட்கலாம்" என்றாள் அந்தப் பெண். எதிரே இருந்த பலகையில் மற்ற எல்லாப் பொத்தான்களையும் இறக்கிவிட்டு ஒன்றை மட்டும் ஏற்றினாள். அண்ணன் இளம் வயதுக் குரலில் பாடினான். உண்மையிலேயே நல்ல குரல். அந்த இடம் வந்தது. "மாட்டே" என்று மேலே போன குரல் நாலாவது விநாடியில் கம்மி, ஓர் இருமல், பிறகு தெளிவாக, "சே, வரலப்பா" என்றது.

அவள் கை அப்படியே நின்றது. அண்ணன் முகத்தில் ரத்தமே இல்லை.

"இது... வேறொரு பதிவு போலிருக்கு" என்று சமாளித்துக்கொண்டு, அவள் மறுபடி அதே இடத்துக்குப் போனாள். பேஸ் கிட்டாரை ஏற்றினாள். குரல் இல்லை. கிட்டாரை ஏற்றினாள். இல்லை. நேரடி நிகழ்ச்சி, ஊரே கேட்டுக்கொண்டிருக்கிறது. கடைசியாக டிரம்ஸ் மைக்கை ஏற்றினாள். தாளத்தட்டுகள் கலகலத்தன, அதற்கு நடுவில், தூரத்திலிருந்து, நான் வந்தேன். பதினோரு விநாடியும் வந்தேன். கிட்டார் போர்வை எதுவும் இல்லாமல் கேட்டபோது அது பெண் குரல் என்பதில் யாருக்கும் சந்தேகம் வர வழியில்லை.

"இது யார் குரல்?" என்று அவள் அண்ணனைக் கேட்டாள். குற்றம் சாட்டவில்லை, நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டாள்.

என் முன்னால் மைக் இருந்தது. நானே சொல்லியிருக்கலாம். அவன் வாயால் வரட்டும் என்று காத்திருந்தேன். வானொலியில் மௌனம் ஆகாது என்பார்கள், அந்தப் பெண் தவித்துப்போனாள். அண்ணன் தண்ணீர் குடித்தான். தொண்டையைச் செருமினான்.

"அது வந்து... என் தங்கச்சி. அன்னிக்கு சும்மா வந்து நின்னா. சும்மா கூடப் பாடிக் காட்டினா, அவ்வளவுதான்."

"சும்மா இல்ல" என்றேன்.

இருவரும் திரும்பினார்கள்.

"அந்த இடம் உனக்கு வராது, விட்டுடுன்னு சொன்னாங்க. வரும்னு காட்டத்தான் பாடினேன். அந்த நாலாவது இடத்துக்கு நேயர்கள் ஓட்டுப் போட்ட குரல் என்னோடது. எங்கண்ணன் பாட்டோட மத்த இடமெல்லாம் நல்லாப் பாடியிருக்கான், கிட்டாரும் அவன்தான். அது அவனுக்கு. இது எனக்கு. இப்ப பாடச் சொன்னீங்களே, பாடுறேன். மைக்கை ரெண்டடி தள்ளி வைங்க."

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்தவர் ஓடி வந்து தள்ளி வைத்தார். எழுந்து நின்றேன். தாளம் இல்லை, கிட்டார் இல்லை. நாற்பத்தொன்பது வயதுத் தொண்டை, தினம் குளோரின் குடிக்கிற தொண்டை. பழைய மாதிரி வராது என்று எனக்குத் தெரியும். பழைய மாதிரி வர வேண்டும் என்று நான் ஆசைப்படவும் இல்லை. மேனேஜர் சாரைக் கூப்பிடுகிற வயிற்றிலிருந்து எடுத்தேன்.

ஆறாவது விநாடியிலேயே பிளந்தது. அன்று மேலே போன குரல் இன்று கீழே இறங்கி, அடித்தொண்டையில் சரளைக்கல்லை அரைத்துக்கொண்டு போனது. நான் அதைத் தடுக்கவில்லை, போகட்டும் என்று விட்டேன். ஒன்பது விநாடியில் காற்று தீர்ந்துவிட்டது. மீதி இரண்டு விநாடிக்கு என் மூச்சிரைப்புதான். அதையும் சேர்த்தே பாடினேன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அந்தப் பெண் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள். தொலைபேசி விளக்குகள் எல்லாம் எரிந்தன. முதல் அழைப்பே ஒரு பெரியவர், சரியான கோபத்தில் இருந்தார். "நான் அவருக்குன்னு நினைச்சுத்தான் ஓட்டுப் போட்டேன். இப்ப அதை வாபஸ் வாங்க முடியுமா?"

நான் பதில் சொன்னேன். "நீங்க ஆளுக்குப் போட்டீங்களா, குரலுக்குப் போட்டீங்களா?"

"குரலுக்குத்தான்."

"அப்ப அது எனக்குப் போட்ட ஓட்டு. வாபஸெல்லாம் கிடையாதுங்க."

அவர், "அதுவும் சரிதான்" என்று வைத்துவிட்டார்.

நிகழ்ச்சி முடிவதற்குள் அந்தப் பெண் பட்டியலைத் திருத்திப் படித்தாள். நான்காவது இடத்தில் என் பெயரை இனிஷியலோடு வாசித்தாள். எழுத்து சரிதானா என்று என்னிடம் ஒரு முறை கேட்டுச் சரிபார்த்த பிறகே வாசித்தாள். அண்ணன் மேசையையே பார்த்துக்கொண்டிருந்தான். பார்க்கப் பாவமாகத்தான் இருந்தது. ஆனால் நான் இரங்கி எதையும் திருப்பிக் கொடுக்கத் தயாராக இல்லை.

லிஃப்டில் நாங்கள் இருவர் மட்டும் இறங்கினோம். ஆறு, ஐந்து, நாலு. அவன் என் பக்கம் திரும்பாமலே பேசினான்.

"இத்தனை வருஷத்துல ஒரு வார்த்தை கேட்டிருந்தா, நானே கொடுத்திருப்பேனே."

"என்னோடதை நான் எதுக்கு உன்கிட்ட கேக்கணும்?"

கதவு திறந்தது. அவன் வழிவிட்டு ஒதுங்கி நின்றான். நான் முதலில் வெளியே வந்தேன்.